குளத்தில் அமலைச்செடி: மருந்து அளவைக் கேட்டவருக்கு

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தை மூன்று வருடமாக அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிக்கிடக்கிறது. பிசான நெல்லுக்கு மடையைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் செடி வந்து அடைத்துக்கொள்கிறது. மீன் குத்தகை எடுத்தவர் பாதியில் விட்டுவிட்டார். போன வருடம் வரி போட்டு ஜேசிபி வைத்து எடுத்தோம். நாலு மாதத்தில் பழையபடி வந்துவிட்டது. உரக்கடையில் 2,4-டி களைக்கொல்லி அடித்தால் 15 நாளில் கருகிவிடும் என்கிறார்கள். ஏக்கருக்கு எவ்வளவு அடிக்கலாம்? குளத்துக்குக் கீழே எனக்கு மூன்று ஏக்கர் வாழை. பிடுங்கிய செடியை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அண்ணாச்சி, அளவு சொல்ல மாட்டேன். காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கீழே மூன்று ஏக்கர் வாழை. முடிக்கொத்து நோய் வந்த வாழையைக் கிழங்கோடு சாகடிக்க எந்த மருந்தை வைக்கிறோம்? இதே 2,4-டியைத்தான். அதைக் குளத்தில் அடித்துவிட்டு அந்தத் தண்ணீரையே வாழைக்குப் பாய்ச்சப் போகிறீர்களா? கடைக்காரருக்குச் சரக்கு நகர வேண்டும், அவ்வளவுதான். வாழை சுருண்டால் ‘வெயில்’ என்பார், மீன் செத்தால் ‘சாக்கடை’ என்பார்.

மருந்தில் செடி சாகும், மறுக்கவில்லை. செத்தது எங்கே போகும்? அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். ஏற்கெனவே மேலே பாய் விரித்த மாதிரி மூடியிருந்ததால் உள்ளே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, பாசி நுண்ணுயிர்கூட வளர வழியில்லை. குத்தகைக்காரர் ஓடியது சும்மா இல்லை. அழுகியதெல்லாம் சத்தாக அடிமண்டியில் தங்கி, அடுத்த செடிக்குத் தீனியாகும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஜேசிபி போன பதினைந்தாம் நாள் குளத்தில் யார் இறங்கினார்கள்? யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலும் சாக்கடைச் சத்தும் இருந்தால் இந்தச் செடி இரண்டே வாரத்தில் இரட்டிக்கும். நூற்றில் ஒரு பங்கு கோரைக்குள்ளே ஒதுங்கி நின்றாலும் அந்த 1, 2 ஆகி, 4 ஆகி, ஏழாவது இரட்டிப்பில் 128. ஆக 14 வாரத்தில் குளம் மறுபடி நிறைந்துவிடும். உங்கள் நாலு மாதக் கணக்கு சரியாக வருகிறதா? முதல் எடுப்பு போட்டோவுக்குத்தான் ஆகும். குளத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எடுப்பு. வரி வசூலில் பாதியை அதற்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் ஜேசிபியைக் கூப்பிட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நாலு ஆள், ஒரு பரிசல், கோரை ஓரத்தில் கைவிட்டுத் தேடல், இவ்வளவே. இதை எழுதி எழுதி என் பேனா தேய்ந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் ஜேசிபி வாடகையை மட்டும்தான் பேசுகிறார்கள். மண்டியில் விழுந்த விதை 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். அதனால் ஒரு வருடம் செய்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது.

மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் எடுங்கள். காற்று செடியைக் கிழக்கே ஒதுக்கும். உங்கள் கரையும் மடையும் அந்தப் பக்கம் இருந்தால் நடுக்குளத்துக்கு மிஷினே வேண்டாம். எடுத்ததைக் கரையின் வெளிச்சரிவில் போடுங்கள். உள்சரிவில் போட்டால் முதல் மழையில் குளத்துக்கே திரும்பிவிடும். உடனே லாரியில் ஏற்றவும் வேண்டாம். செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தண்ணீர், அதைச் சுமக்கவா வாடகை? காய்ந்த பிறகு ஏற்றி வாழைக்கு மூடாக்காகப் போடலாம். ஊர்ச் சாக்கடை மட்டும் கலக்கிற குளமென்றால்தான் இது. ஆலைக் கழிவு கலந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஈயம், காட்மியம் எல்லாம் வேரில் ஏறிவிடும்.

இன்னொன்று. கரையில் குனிந்து நாலு இலையைத் திருப்பிப் பாருங்கள். நகத்தால் சுரண்டின மாதிரி, மிளகைவிடச் சின்னதாகப் பழுப்புத் தழும்புகள் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அது இந்தச் செடியையே தின்று வாழும் கூன்வண்டு. செடியும் வண்டும் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. செடி அழகுப் பூவென்று முதலில் வந்துவிட்டது, வண்டைத்தான் 1982-ல் பெங்களூருவுக்குத் தருவித்துச் சோதித்து, பிறகு குளங்களில் விட்டார்கள். ‘கூன்வண்டா, வாழைக்கிழங்கைத் துளைக்குமே’ என்று பதற வேண்டாம், இது வேறு ஜாதி, வாழையைத் தொடாது. புழு இலைக்காம்புக்குள் துளைத்துப் போகும், கூட்டுப்புழு வேரில் ஒட்டியிருக்கும். ஒரே நாளில் வேலை நடக்காது, வருடக்கணக்காகும். கோடையில் வற்றிப்போகும் குளத்தில் வண்டும் மாண்டுபோகும். ஆற்றுப் பாசனத்தில் வற்றாமல் கிடக்கும் குளத்தில்தான் இதற்கு மரியாதை. மருந்து அடித்தீர்களானால் செடியோடு வண்டும் போச்சு, மிஞ்சிய விதைக்கு எதிரியே இல்லை. வண்டு பிழைத்திருக்க, தழும்புள்ள செடிகளை மட்டும் ஒரு மூலையில் மூங்கில் கட்டி நிறுத்திவையுங்கள்.

புல்கெண்டை மீன் விட்டால் தின்றுவிடும் என்று குஞ்சு விற்பவர்கள் வருவார்கள். அது தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசியைத் தின்னும், இதைச் சீண்டாது.

கழிவுநீர் வாய்க்கால் எந்த இடத்தில் குளத்தில் சேர்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதைச் சொல்லுங்கள்.

மாட்டுக்கு வேண்டாம். பசுமையாகப் பார்க்க ஆசையாக இருக்கும். வெறும் தண்ணீர், தின்றாலும் கழியும், பால் ஏறாது.