வலையின் மேலே ஓடுகிறதா, கீழே தொங்குகிறதா? – வாசகர் கேள்வி பதில்

மார்கழி வந்தால் சிலந்தி பற்றிய கடிதங்கள் கூடிவிடும். மற்ற மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத வலைகள் பனித்துளி கோத்துக்கொண்டு பளிச்சென்று தெரிவதுதான் காரணம். இந்த முறை துணி விரித்தாற்போல் வலை பின்னும் சிலந்திகள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புப் புல்வெளியில் காலை நேரத்தில் வெள்ளை விரிப்புகளாக வலைகள் தெரிகின்றன. ஒரு ஓரத்தில் ஓட்டை. தொட்டால் சிலந்தி அதற்குள் ஓடிவிடுகிறது. படம் எடுத்துக் கைப்பேசிச் செயலியில் போட்டால் ‘லினிஃபியிடே’ குடும்பம் என்கிறது. சரியா?

சரியில்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஹிப்பாசா. அது ஓநாய்ச் சிலந்திகளின் குடும்பமான லைகோசிடேயைச் சேர்ந்தது. ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை வலை பின்னாமல் தரையில் ஓடித்தான் இரை பிடிக்கும். ஹிப்பாசா அதற்கு விதிவிலக்கு. புல்லின் மேல் விரிப்பு விரித்து, அதன் ஓரத்தைப் புனலாகச் சுருட்டி மண்ணுக்குள்ளோ புல்லின் அடிக்கோ இறக்கியிருக்கும். விரிப்பில் பூச்சி விழுந்ததும் புனல் வாயிலிருந்து பாய்ந்து வந்து, விரிப்பின் மேல் ஓடிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

லினிஃபியிடே சிலந்தி இதற்கு நேர்மாறு. விரிப்பின் கீழே மல்லாந்து தொங்கும். பின்வாங்க அதற்குப் புனல் கிடையாது. விரிப்புக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இழைகளைக் கட்டி வைத்திருக்கும். பறந்து வரும் கொசு, சிறு ஈ போன்றவை அவற்றில் இடித்துத் தடுமாறி விரிப்பில் விழும். சிலந்தி அடியிலிருந்தே வலையூடாகக் கடித்து, இரையைக் கீழே இழுத்துக்கொள்ளும். கிழிந்த இடத்தைப் பிறகு தைத்துவிடும். விரிப்பு பூச்சியைப் பிடித்து வைக்கும் அளவுக்கு ஒட்டாது. மேலே உள்ள இழைகளும் சிலந்தியின் வேகமும்தான் வேலை செய்கின்றன.

உறுதி செய்துகொள்ள மூன்று சோதனைகள். முதலாவது, சிலந்தி விரிப்பின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பாதிச் சந்தேகம் இதிலேயே தீரும். இரண்டாவதாக, இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சைக் கண் மட்டத்தில், நெற்றிப் பக்கமாகப் பிடித்துப் புல்வெளியைப் பாருங்கள். ஹிப்பாசாவின் கண்கள் பச்சை கலந்த வெள்ளைப் புள்ளிகளாகத் திருப்பி மின்னும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் தெரியாது, ஏனெனில் ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போகும். மூன்றாவது, முட்டைப் பை. ஓநாய்ச் சிலந்தித் தாய் அதை உடலின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு திரியும். லினிஃபியிடேயில் அந்தப் பழக்கம் இல்லை.

செயலியைக் குறை சொல்வதற்கில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்த படங்களில் பெரும்பகுதி ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே ‘விரிப்பு வலை’ என்றால் முதலில் வருவது லினிஃபியிடே. வலையின் வடிவம் குடும்பத்தைச் சொல்லாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். விரிப்பு வலை பல குடும்பங்களில் தனித்தனியாக உருவான ஏற்பாடு.

அப்படியானால் லினிஃபியிடே என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தாம்பரத்தில் விலங்கியல் படிக்கும் மாணவி நான்.

இந்தக் குடும்பத்தை 1859-இல் ஜான் பிளாக்வால் வரையறுத்தார். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். தாவும் சிலந்திகளான சால்டிசிடேக்கு அடுத்த பெரிய குடும்பம் இதுதான். 600-க்கும் மேற்பட்ட பேரினங்கள், 4,900-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதனால் வெறும் கண்ணால் ஒன்றும் நடக்காது. 10 மடங்கு லென்ஸ் வயலில் உதவும், இனம் வரை போக நுண்ணோக்கி வேண்டும்.

பொதுவான அடையாளங்களில் கவனிக்கத்தக்கவை: எட்டுக் கண், காலில் மூன்று நகம், கடிதாடையின் வெளிப்பக்கத்தில் உரசி ஒலி எழுப்புவதற்கான நுண்ணிய வரிகள். கால் முறியும் இடம் இன்னும் நல்ல அடையாளம். மற்ற சிலந்திகளில் பெரும்பாலும் கால் உடலை ஒட்டிய கணுவில் கழன்று விழும். லினிஃபியிடேயிலும் அதன் நெருங்கிய உறவான பிமோயிடேயிலும் முழங்கால் துண்டுக்கும் அதற்கடுத்த நீண்ட துண்டுக்கும் இடையில் முறியும். உங்கள் புட்டியில் உள்ள மாதிரியில் கால்கள் ஒரே இடத்தில் பாதியோடு நின்றால் அது சேதம் என்று தள்ளிவிடாதீர்கள். அதுவே துப்பு.

இறுதி முடிவு ஆண் சிலந்தியின் பெடிபால்ப் (வாயருகே சிறு கை போல் நீட்டியிருக்கும் உறுப்பு) நுனியில்தான் இருக்கிறது. அதன் அடியில் பாராசிம்பியம் என்ற கொக்கி தனித்துண்டாக, சவ்வால் மட்டும் இணைந்து நிற்கும். பெண்ணில் வயிற்றின் அடிப்பக்கம் உள்ள எபிகைனம் என்ற பிறப்புறுப்புத் தகட்டைப் பார்க்க வேண்டும். முதிராத சிலந்தியில் இரண்டும் உருவாகியிருக்காது. அதற்கு இனப்பெயர் எழுதுவது ஊகம் மட்டுமே. பேரினங்களைப் பிரிக்க ஆய்வாளர்கள் முதல் காலின் மெட்டாடார்சஸ் (நுனித் துண்டுக்கு முந்தையது) துண்டில் உள்ள உணர்முடியின் இடத்தை அளக்கிறார்கள். துண்டின் அடியிலிருந்து முடி வரையான தூரத்தைத் துண்டின் மொத்த நீளத்தால் வகுத்தால் 0.45 போன்ற ஒரு எண் வரும். நான்காம் காலில் அந்த முடி உண்டா, இல்லையா என்பதும் இனம் காணும் வழிகாட்டிக் குறிப்புகளில் கேட்கப்படும்.

உட்பிரிவுகளில் எரிகோனினே மிகப் பெரியது. குள்ளச் சிலந்திகள் இதில்தான் வரும். இவற்றில் பல ஆண்களுக்குத் தலை மேடாகப் புடைத்திருக்கும். இணையும்போது பெண் அந்த மேட்டில் வாய் பதித்து அதன் சுரப்பை உண்ணும் இனங்களும் உண்டு. எரிகோனினேயின் பல பேரினங்களில் மூச்சுக் குழல்கள் நன்கு கிளைத்து மார்புப் பகுதி வரை போகும். லினிஃபியினே, மைக்ரோனெடினே ஆகியவற்றில்தான் கண்ணில் படும் அளவு வலை பின்னுபவை அதிகம். மைனோக்ளெனினேக்குக் கண்களுக்குக் கீழே சுரப்பியோடு கூடிய பள்ளம் இருக்கும். ஸ்டெமோனிஃபாண்டிஸ் பேரினம் இந்தக் குடும்ப மரத்தில் மிக முன்னதாகப் பிரிந்த கிளைகளில் ஒன்று. எரிகோனினேயின் உள்ளமைப்பு இன்னும் முழுக்கத் தீரவில்லை. பழைய நூலில் ஒரு பேரினம் வேறு உட்பிரிவில் இருந்தால் திகைக்க வேண்டாம்.

இவை உலகில் எங்கெங்கே இருக்கின்றன? நம் பக்கம் ஏன் குறைவு? (அண்ணா நகர் வாசகர்)

மற்ற பெரும்பாலான சிலந்திக் குடும்பங்கள் வெப்ப மண்டலத்தில்தான் செழிக்கும். லினிஃபியிடே வடக்கே போகப் போகப் பெருகுகிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 650 சிலந்தி இனங்கள் என்றால் அதில் 270-க்கும் மேல் இந்த ஒரே குடும்பம். ஆர்க்டிக் தீவுகளில் எஞ்சும் சிலந்திகளில் பெரும்பான்மை இவைதாம். பனியை ஒட்டிய பாசி, உதிர்ந்த இலை, கல்லடி ஆகியவை இவற்றின் இடம்.

உடல் சிறிதானால் எடையோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம், நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். குளிரும் ஈரமும் உள்ள இடம் இவற்றுக்கு ஒத்துப்போவதற்கு இது ஒரு காரணம். வெப்ப நாடுகளிலும் இவை மலையேறினால் கிடைக்கின்றன: கிழக்கு ஆப்பிரிக்க உயர்மலைகள், ஆண்டீஸ், இமயம். இந்தியாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பி.கே. திகாதர் 1970-இல் வெளியிட்ட சிக்கிம் சிலந்தி ஆய்வு போன்ற பணிகள் இமயப் பகுதியைத் திறந்துவைத்தன. தமிழ்நாட்டில் தேட வேண்டுமென்றால் நீலகிரி, கொடைக்கானல் சோலைக்காடுகளில் தொடங்குவேன். சமவெளியில் குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: 2 மில்லிமீட்டர் உயிரியை இலைச்சருகுக்குள் தேடியவர்களே இங்கே குறைவு.

பரவலில் வியப்பான சங்கதிகள் பல. மைனோக்ளெனினே ஆப்பிரிக்காவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறது, நடுவில் பெரிய இடைவெளி. உறவுக் குடும்பமான பிமோயிடேயின் பிமோவா பேரினம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை, தெற்கு ஐரோப்பிய மலைகள், இமயமும் அதை ஒட்டிய சீனப் பகுதியும் என்று மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் தொடர்ந்து பரவியிருந்த கூட்டத்தின் எச்சம் இது என்று கருதுகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழும் ஆர்சன்வெல்ஸ் பேரினத்தில் 13 இனங்கள். இந்தப் பேரினத்தை குஸ்தாவோ ஓர்மிகா 2002-இல் நிறுவினார். குடும்பமே குள்ளம் என்றால் இவை மட்டும் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் வரை வளர்கின்றன. மனிதன் கொண்டுபோய் விட்டதும் உண்டு: ஐரோப்பாவின் லினிஃபியா ட்ரையாங்குலாரிஸ் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குடியேறி உள்ளூர்ச் சிலந்திகளின் வலைகளைக் கைப்பற்றுகிறது.

சென்னையைச் சுற்றி ஒன்றாவது பார்க்க முடியுமா?

முடியும், நெல் வயலில். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் சம்பாவோ நவரையோ நின்றால் தூர் கட்டிய குத்தின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூர்களுக்கு இடையில் சிறு விரிப்பு கட்டி அட்டிபெனா வகைக் குள்ளச் சிலந்திகள் வாழும். வெள்ளைத் தட்டு ஒன்றை நீருக்கு மேல் சாய்த்துப் பிடித்து, குத்தின் அடியை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். உதிர்வனவற்றில் எள்ளை விடச் சிறியதாக ஓடுவதை லென்ஸில் பாருங்கள். இலை நுனியைத் தட்டினால் கிடைக்காது, அங்கே வேறு சிலந்திகள்தான் இருக்கும்.

இதன் இரை புகையான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி), பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவற்றின் குஞ்சுகள். புகையான் தூரின் அடியில்தான் உட்காரும், சிலந்தியும் அங்கேதான். நட்ட முதல் 40 நாளுக்குள் அவசரப்பட்டுப் பரந்த அளவில் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் போவது இந்தச் சிலந்திகள். தண்டுக்குள் முட்டையாக இருந்த புகையான் பிறகு பொரித்து, தடுப்பார் இன்றிப் பெருகும். மருந்து அடித்த வயலில் புகையான் கூடுவதற்கு இது முக்கியமான காரணம்.

எலுமிச்சைச் செடியில் கூடாரம் போல் வலை, நடுவில் முட்டைப் பைகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. இதுவும் விரிப்பு வலைதானே? (மயிலாப்பூர்)

இது சிர்டோஃபோரா, வட்ட வலைக் குடும்பமான அரேனிடேயைச் சேர்ந்தது. விரிப்பைக் கிட்டத்தில் பார்த்தால் கொசுவலைபோல் சீரான கட்டங்கள் தெரியும். லினிஃபியிடேயின் விரிப்பில் அந்த ஒழுங்கு இருக்காது. இதுவும் கீழேதான் தொங்கும், ஆகவே முதல் சோதனை மட்டும் போதாது என்பதற்கு இது நல்ல உதாரணம். வலையில் வெள்ளி நிறத்தில் துளித்துளியாகச் சிறு சிலந்திகள் இருந்தால் அவை குஞ்சுகள் அல்ல. இரையைத் திருடித் தின்ன வந்த ஆர்ஜைரோடிஸ்.

கழிவறை மூலையில் நீண்ட கால் சிலந்தி, ஊதினால் கிடுகிடுவென்று ஆடுகிறது. ஆபத்தா?

இல்லை. அது ஃபோல்சிடே குடும்பம். வயிற்றின் பின்மேல் முனை கூம்பாக நீட்டியிருந்தால் கிராசோப்ரைசா லயோனி. தாய் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டிருக்கும். கொசுவையும் பிடிக்கும். ஒட்டடை அடிக்கும்போது தவிர மற்ற நாளில் விட்டுவிடலாம்.

கல்லூரித் திட்டத்துக்காக மாதிரி சேகரிக்கிறேன். போன முறை எல்லாம் கெட்டுப்போயிற்று. என்ன செய்ய வேண்டும்? (பள்ளிக்கரணை)

முதலில் அனுமதி. கிண்டி தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு சிலந்தியைக்கூட எடுக்கக் கூடாது.

வலையைப் படம் எடுக்க நுண்துளி தெளிப்பானில் வெறும் நீர் போதும். சோளமாவு தூவினால் படம் அழகாக வரும், ஆனால் வலை பாழாகிச் சிலந்தி புதிதாகப் பின்ன வேண்டியிருக்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள், சிலந்தி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மேலிருந்து தெரியாது.

தரையில் உள்ளவற்றுக்குக் குழிப் பொறி: 7 முதல் 9 செ.மீ. வாய் உள்ள பிளாஸ்டிக் கோப்பையை விளிம்பு மண்ணோடு சமமாக இருக்கும்படி புதைக்க வேண்டும். விளிம்பு 2 மில்லிமீட்டர் உயர்ந்தால் குள்ளச் சிலந்திகள் சுற்றிக்கொண்டு போய்விடும். அதில் நீர் கலந்த புரொப்பிலீன் கிளைகாலைக் கால் பாகம் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். அது இல்லையேல் சிலந்தி மேற்பரப்பிலேயே நடந்து தப்பிவிடும். தவளை, பல்லி விழாமல் மேலே கம்பிவலையும், மழைக்கு ஒரு கூரையும் வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கூரை இல்லாத கோப்பை ஒரே இரவில் வழிந்துவிடும்.

பாதுகாக்க 70 முதல் 80 விழுக்காடு எத்தனால். டி.என்.ஏ. வேண்டுமானால் 95. ஃபார்மலின் உடலை விறைக்கச் செய்யும், பெடிபால்பைத் திருப்பவே முடியாது. அடையாளச் சீட்டைப் பென்சிலில் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். இடம், தேதி, வாழிடம் மூன்றும் இல்லாத மாதிரி ஆய்வுக்கு உதவாது.

எபிகைனத்தின் உள்ளமைப்பைப் பார்க்க அதை வெட்டி எடுத்து, எத்தனாலின் அடர்வைப் படிப்படியாக ஏற்றி நீரை முழுதும் வெளியேற்றிய பிறகு கிராம்பு எண்ணெயில் இடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் கலப்பில்லாத எண்ணெயே போதும். பால்போல் வெண்மையாகிவிட்டால் உள்ளே நீர் தங்கியிருக்கிறது என்று பொருள். மீண்டும் எத்தனாலுக்குத் திருப்பி நீரை எடுங்கள். பெடிபால்பை வேண்டிய கோணத்தில் நிறுத்திப் படம் எடுக்க, ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பு ஜெல் வசதி. குமிழிகளை மட்டும் ஊசி முனையால் முன்கூட்டியே விலக்கிவிடுங்கள்.

பெயரைத் தீர்மானிக்க முடியாத ஆண் மாதிரிகளைப் படங்களோடு சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

டிசம்பரில் வெள்ளை நூல்கள் காற்றில் மிதந்து மின்கம்பியில் சிக்குகின்றன. சிலந்தியா?

ஆமாம், பெரும்பாலும் குஞ்சுகள். புல் நுனியேறி, வயிற்றைத் தூக்கி, நூலைக் காற்றில் விட்டுப் பறக்கும். பல குடும்பங்களின் குஞ்சுகள் இப்படிச் செய்யும். லினிஃபியிடேயில் வளர்ந்தவையும் செய்யும், உடல் சிறிதென்பதால். 1832 நவம்பர் 1-இல் தென் அமெரிக்காவின் பிளாட்டா கழிமுகத்தில், கரையிலிருந்து 60 மைல் தொலைவில், பீகிள் கப்பலின் கயிறுகளில் இப்படி வந்திறங்கிய ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகளை டார்வின் பதிவு செய்தார். 2018-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் எரிக்கா மோர்லியும் டேனியல் ராபர்ட்டும் காற்று அசையாத பெட்டிக்குள் எரிகோனி என்ற குள்ளச் சிலந்திகளை வைத்து மின்புலத்தை இயக்கினர். மின்புலம் இருக்கும்போது அவை நுனிக்காலில் எழுந்து நூல் விட்டு மேலெழுந்தன, நிறுத்தியதும் இறங்கின. காற்று மட்டுமே தூக்கிச் செல்கிறது என்ற எண்ணம் அதோடு மாறியது.