வால்பாறை இறங்கினால் முன் வலது வீல் பிடிக்கிறதா? முதலில் பிரேக் ஹோஸைப் பாருங்கள்

இன்னொரு காலிப்பர் (வீலின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பகுதி) வாங்க வேண்டாம். இருப்பதை ரீகண்டிஷன் செய்த பிறகும், ஆழியார் வந்து சேர்வதற்குள் உங்கள் எம்ஜிபி காரின் முன் வலது வீல் மட்டும் கொதிக்கிறது என்றால், என் சந்தேகம் காலிப்பருக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் பழைய ரப்பர் ஹோஸ் மேல்தான். வெளியே வெடிப்பே இருக்காது. உள்குழாய் உப்பி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது.

இப்படிச் சோதியுங்கள்:

1. வீலை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். கோளாறு இருந்தால் வீல் சுழலாமல் பிடித்தபடியே நிற்கும்.
2. ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். வீல் விட்டுச் சுழன்றால், கோளாறு பெடலிலிருந்து அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம்.
3. விடவில்லையா? காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். இப்போது விட்டால் ஹோஸ்தான். அப்போதும் விடாவிட்டால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்.

மாற்றும்போது இரண்டு பக்கமும், பின்னால் இருப்பதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. காலிப்பர் முனையை முதலில் முறுக்கி, அப்புறம் மேல்முனையை ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, எங்காவது உரசுகிறதா பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோவையில் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் பட்டறைகள் நிறைய. ஜேசிபிக்குப் போடும் ஹோஸ் பிரேக் ஆயிலுக்கு ஆகாது, எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி. மரையும் கவனம்: உங்களுடையது 3/8 இன்ச் யுஎன்எஃப் (இன்ச் அளவு மரை), 10 மில்லி மெட்ரிக் அல்ல. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரேக் குழாயில் புகுந்த ஏர் (காற்று) எடுத்து முடிக்கும்வரை மலைப்பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.