பால்மரக் காட்டிலிருந்து எழுந்து வரும் படை: நாற்பது வீரர்களை மாற்றி வண்ணம் தீட்டுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, சிறு பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் வார்ஹாமர் 40,000 விளையாட்டுக்காகக் காடியன் என்ற பிளாஸ்டிக் வீரர்கள் நாற்பது பேர் சேர்த்து வைத்திருக்கிறேன். என் பாட்டி முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஏதோ ஒரு கிரகத்துத் தோட்ட மக்கள் ஆயுதம் தூக்கி வந்ததுபோல என் படை இருக்கவேண்டும் என்று ஆசை. எங்கே தொடங்குவது? ஐந்து பேருக்குப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துப் பார்த்தேன், மேலெல்லாம் மணல் ஒட்டியதுபோல ஆகிவிட்டது. முகத்துக்கு எந்த நிறம் அடித்தாலும் நம்மாள் மாதிரி வரவில்லை. செலவும் அதிகம் ஆகக்கூடாது."

தம்பி, தூரிகையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், தலையில் என்ன கட்டினார், தோளில் எதைச் சுமந்தார், இந்த மூன்றையும் கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து மூன்றே பொருள்களைத் தேர்ந்தெடுத்து, படை முழுவதும் அவை திரும்பத் திரும்ப வரும்படி செய்யுங்கள். மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு நுணுக்கம் எதுவும் தெரியாது. திரும்ப வருவதுதான் கண்ணில் படும். ஒரே வீரனிடம் கத்தி, வாளி, மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்), பானை என்று எல்லாவற்றையும் ஒட்டி, பக்கத்து வீரனைப் பெட்டியில் வந்தபடியே விட்ட படைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உழைப்பு தெரியும், படை தெரியாது.

நானாக இருந்தால் தலைவிளக்கு, தலைத்துணி, வாளி மூன்றையும் எடுப்பேன். விடியலுக்கு முன் பால்மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும்; வெயில் ஏற ஏற அது இறங்கும், பாலும் குறையும். அதனால்தான் நம் பாட்டிமார் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைந்தார்கள். உங்கள் படையும் அந்த நேரத்தில் நிற்கட்டும். நேரம் முடிவானால் நிறங்களில் பாதி தானே முடிவாகிவிடும்: நிழலெல்லாம் கருநீலம், நெற்றியில் மட்டும் மஞ்சள் வெளிச்சம்.

இனி வேலைக்கு வருவோம். இந்த வீரர்களின் அளவு ஏறக்குறைய மனிதனில் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் கிடக்கும் எதுவும் உதிரிப்பாகம் ஆகும். தே ஐஸ் கட்டிக் கொடுக்கும்போது வரும் ஸ்ட்ரா சுமார் 6 மில்லிமீட்டர் அகலம். 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டினால் பால் வாளி. காது குடையும் பஞ்சுக்குச்சியின் பிளாஸ்டிக் தண்டில் 2 மில்லிமீட்டர் வெட்டினால் மங்கு. பழைய மின்கம்பியை உரித்து எடுக்கும் செம்பு இழை வாளிக்குக் கைப்பிடி. ஆனால் ஸ்ட்ராவும் அந்தத் தண்டும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். பாகங்களைக் கரைத்து ஒட்டும் பிளாஸ்டிக் சிமெண்ட் அதைக் கரைக்காது, பெயிண்டும் சுலபமாக உரிந்துவிடும். மேல்பக்கத்தை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டுச் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். வீரர்களின் உடல் பாலிஸ்டைரீன். அதற்குத்தான் பிளாஸ்டிக் சிமெண்ட். பாகங்கள் கோத்து வரும் சட்டமும் அதே பிளாஸ்டிக் என்பதால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் இழுத்தால் கம்பியாக நீளும். இரு முனையிலும் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு செய்ய அதைவிட நல்ல பொருள் இல்லை.

தலைத்துணிக்குக் கிரீன் ஸ்டஃப் என்ற பிசையும் மாவை வாங்குங்கள். நீலமும் மஞ்சளும் சம அளவில் பிசைந்தால் பச்சையாகும். ஒரு மணி நேரம்போல வேலை செய்யலாம், முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். பிசைந்ததும் உடனே தொடாதீர்கள், விரலில்தான் ஒட்டும். இருபது நிமிடம் கழித்து, ஈரமான கருவியால் மெல்லிய பட்டையாகத் தட்டி, தலையைச் சுற்றிப் போர்த்தி, பிடரியில் ஒரு முடிச்சு. காடியன் பெட்டியில் தலைகள் தனியாகத்தான் வரும். உடலில் ஒட்டுமுன் பத்துத் தலைகளைக் குச்சியில் குத்தி வைத்து ஒரே மூச்சில் செய்துவிடலாம். நெற்றியில் ஒரு சிறு உருண்டையை வைத்துத் தட்டினால் விளக்கு.

நாற்பது பேரையும் முழுதாக மாற்றவேண்டாம். தலைத்துணியும் விளக்கும் எல்லாருக்கும், வாளியோ கத்தியோ மூவரில் ஒருவருக்கு, பெரிய மாற்றம் ஐந்தாறு பேருக்கு மட்டும். அந்த ஐந்தாறில்தான் உங்கள் கற்பனை முழுவதும் இறங்கவேண்டும். தீ கக்கும் ஆயுதம் வைத்திருப்பவனின் முதுகில் மருந்தடிக்கும் பம்பு. கனரக ஆயுதக் குழுவில் குண்டு எடுத்துக் கொடுப்பவன் தோளில் காண்டா, இரு பக்கமும் வாளி, வாளிக்குள் குண்டுகள். செம்பனைக்கு மாறிய தோட்டங்களையும் விட்டுவிடாதீர்கள்: குலை வெட்டும் நீண்ட கம்பு அரிவாளைத் தூக்கி நிற்கும் ஒருவன் கொடி பிடிப்பவனைவிட உயரமாகத் தெரிவான். அணித்தலைவர் கங்காணி. பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். தோட்டம் அவர்கள் முதுகில் நின்றது. அவர்கள் இல்லாத தோட்டப் படை பொய்யாகிவிடும்.

ஒன்றை மட்டும் மீறாதீர்கள். எதிரே ஆடுபவருக்கு எது துப்பாக்கி, எது தீக்கருவி என்று பார்த்ததும் புரியவேண்டும். வீரன் நிற்கும் அடித்தட்டின் அளவையும் மாற்றாதீர்கள். போட்டிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மாற்றங்களுக்கு அங்கே என்ன விதி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரைமர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் நம் ஊர் வானிலைக்குத் தனிப் பாடம் உண்டு. இரண்டு கோளாறுகளைப் பலரும் ஒன்றென்று நினைக்கிறார்கள். மணல் மணலாக வந்தால் துளிகள் வீரனைச் சேருமுன் காற்றிலேயே காய்ந்துவிட்டன என்று அர்த்தம்: தூரம் அதிகம், அல்லது சூடு அதிகம். வெண்புகை படிந்ததுபோல வந்தால் ஈரப்பதம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிகிறது. உங்களுக்கு வந்தது முதல் வகை. தகரக் கூரைக்கடியில் உச்சி வெயிலில் அடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

நமக்குக் காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், பிற்பகல் மழை வந்தாலும் அப்படியே. நடுவில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, மேகம் கட்டாத நாளில், காற்றோட்டமான நிழலில் அடியுங்கள். டின்னை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். வீரனுக்கு வெளியே தொடங்கி, அவனைக் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். ஒரே அடியில் மூடப் பார்க்காமல் மூன்று மெல்லிய பூச்சு. ஒரு தடவை மழை விட்ட கையோடு அவசரப்பட்டு இருபது பேருக்கு அடித்து, இருபது பேரையும் கழுவினேன். அன்றிலிருந்து முதலில் ஒரு பழைய சட்டத்துண்டில் அடித்துப் பார்க்காமல் வீரர்களைத் தொடுவதில்லை. மழைக்காலத்தில் ஸ்ப்ரேயையே விட்டுவிட்டுத் தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறிவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஏமாற்றாது. கெட்டுப்போன ஐவரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பாலிஸ்டைரீனுக்கு ஒன்றும் ஆகாது. கையுறை போடுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

சூப்பர் குளூவும் காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. திறந்த புட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள்.

முகம். நம்மாள் மாதிரி வராததற்குக் காரணம் பெரும்பாலும் அடிநிறம் அல்ல, மேல்வெளிச்சம். பழுப்பில் வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூசியதுபோலத்தான் வரும். நம் தோலில் வெயில் படும்போது அது வெளுக்காது. காவியும் பொன்னும் ஏறும். நிழலும் கறுப்பல்ல, செம்பழுப்பு. பொம்மை வீரர்களுக்கான சிட்டாடெல் பெயிண்டின் நிறப்பெயர்களில் சொன்னால், ரைனாக்ஸ் ஹைட் அடியில் முழுக்க. பள்ளங்களை விட்டுவிட்டு மோர்ன்ஃபாங் பிரௌன். அதோடு கொஞ்சம் காடியன் ஃபிளெஷ்டோன் கலந்து நெற்றிமேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டில் மட்டும். கருந்தோலில் மினுக்கு சிறிதாகவும் கூர்மையாகவும் விழும், அதனால் கடைசிப் புள்ளியைத் துணிந்து வையுங்கள். உள்ளங்கை சற்று வெளிர். நாற்பது பேருக்கும் ஒரே கலவை வேண்டாம். அடிநிறத்தில் சிவப்போ மஞ்சளோ கொஞ்சம் கூட்டிக் குறைத்து மூன்று கலவை வைத்துக்கொண்டால் கூட்டம் உயிரோடு நிற்கும்.

சட்டைக்கு வெளிறிப்போன நிறங்கள்: பழைய நீலம், மங்கிய பூக்கள் போட்ட துணி, துவைத்துத் துவைத்துச் செத்த பச்சை. பால் சிந்திய இடம் துணியில் கறுத்துப்போகும் என்பது பாட்டிக்குத் தெரியும். மார்பிலும் முழங்காலிலும் கரும்பழுப்பை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். வாளிக்குள் வெள்ளைப் பசையை மட்டும் ஊற்றி நம்பாதீர்கள், அது காய்ந்தால் தெளிவாகிவிடும். காய்ந்தபின் மேலே தந்தநிறம் ஒரு பூச்சு.

விளக்கொளிக்கு ஒரே விதி: விளக்கைவிடப் பிரகாசமான இடம் வேறெங்கும் இருக்கக்கூடாது. விளக்கின் நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள், பிறகு நீர்த்த ஆரஞ்சை மூக்கு நுனியிலும் மார்பிலும் துப்பாக்கியின் மேல்பக்கத்திலும் மட்டும். விளக்கால் பார்க்க முடியாத இடத்தில் ஒளி விழாது.

வண்டிகளில் பெயிண்ட் உரிந்த தோற்றம் வேண்டுமா? பெயிண்ட் படாமல் மறைக்க ஓவியக் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் திரவத்தை வாங்குங்கள். அதில் பல வகை, கெடாமலிருக்க அம்மோனியா சேர்த்த இயற்கை ரப்பர் பால்தான். துருநிறம் அடித்து, அது காய்ந்தபின் இந்தத் திரவத்தை ஸ்பாஞ்சால் புள்ளி புள்ளியாக ஒற்றி, மேலே பச்சை அடித்து, காய்ந்தபின் விரலால் தேய்த்தால் ரப்பர் உருண்டு வரும், கீழே துரு தெரியும். பாட்டி வெட்டிய பாலே பேரனின் டாங்கியில் துரு காட்டுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது. நல்ல தூரிகையை மட்டும் அதில் தோய்க்காதீர்கள்.

அடித்தட்டில் செம்மண். சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, நீர்த்த வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலும் ஒருமுறை அதையே சொட்டிவிடுங்கள்; காயாத மண்ணும் இலையும் நம் ஊரில் பூசணம் பிடிக்கும். பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் தரை செம்மஞ்சளாகக் கிடக்குமே, காய்ந்த இலையை அரைத்துத் தூவினால் அதே தரை. நான்கைந்து பேரின் பக்கத்தில் மட்டும் ஒரு மரத்தண்டு வையுங்கள், சாம்பல்நிறப் பட்டை. வெட்டு, மரத்தை நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் முப்பது பாகைச் சரிவில் இறங்கும். பால்குழாய்கள் பட்டைக்குள் எதிர்ச் சாய்வில் ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். திருப்பி வைத்தால் தோட்டத்தில் வளர்ந்தவர் கண்ணில் உடனே குத்தும். ஒருநாள் கோலகங்சார் போய் அங்குள்ள பழைய ரப்பர் மரத்தைப் பார்த்து வாருங்கள். 1877-இல் வந்த கன்றுகளின் காலத்து மரம் அது. பட்டையின் நிறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பளபளக்காத மேட் வார்னிஷ் கடைசி. பிரைமருக்குச் சொன்ன அதே நேரம், அதே நிழல்.

செலவைக் கேட்டீர்கள். எட்டு நிறம், ஒரு பிரைமர், ஒரு பொட்டலம் கிரீன் ஸ்டஃப், இரண்டு தூரிகை போதும். மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது. பத்துப் பத்துப் பேராகச் செய்யுங்கள். முதல் பத்துக்கு முன் ஒரே ஒருவரைத் தொடக்கத்திலிருந்து வார்னிஷ் வரை முடியுங்கள். அந்த ஒருவர் உங்கள் பாட்டியாக இருக்கட்டும், படைக்குத் தலைமையும் அவரே. ஒட்டுமுன், மரத்தில் உயரே மேல்வெட்டு வெட்டும்போது கத்தியை எந்தக் கையால் எப்படிப் பிடித்தார் என்று கேட்டு, அவர் பிடித்துக் காட்டும்போது ஒரு படம் எடுத்துவிடுங்கள்.