பதில்: யுபிகுவிட்டின் ஒட்டினால் புரதம் அழியத்தானே வேண்டும்?

'யுபிகுவிட்டின் ஒட்டிய புரதம் குப்பைக்குப் போகும் என்று ஜூனியர் காலேஜில் படித்தேன். ரிக்-ஐ மட்டும் அதனால் விழித்துக்கொள்கிறதே, எப்படி?' என்று கேட்டிருக்கிறீர்கள். யுபிகுவிட்டின் என்பது மற்றப் புரதங்களில் ஒட்டும் ஒரு சிறு புரதம்; ரிக்-ஐ என்பது செல்லுக்குள் நுழைந்த வைரஸைக் கண்டறியும் புரதம். அருமையான கேள்வி. வகுப்பில் சொன்னது பாதிதான்.

யுபிகுவிட்டினில் 76 அமினோ அமிலங்கள், அவற்றில் 7 லைசின் என்ற வகை. பல யுபிகுவிட்டின்களைச் சங்கிலியாகக் கோக்கும்போது எந்த லைசினில் முடிச்சு விழுகிறது என்பதுதான் விஷயம். நம் சிங்கப்பூர் தேக்கா பூக்கடையில் பாருங்கள்: அதே மல்லிகைதான், நெருக்கிக் கட்டினால் பந்து, தள்ளிக் கட்டினால் நீளச் சரம். 48ஆவது இடத்தில் உள்ள லைசினில் கோத்த சங்கிலி சுருண்டிருக்கும். செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அதை அடையாளம் கண்டு புரதத்தை நறுக்கிவிடும். 63ஆவது இடத்து லைசினில் கோத்தது நீண்டு கிடக்கும். வைரஸ் ஆர்என்ஏவைக் கண்ட ரிக்-ஐக்கு ட்ரிம்25 என்ற நொதி போடுவது இந்த 63 சங்கிலிதான். அப்புறம் ரிக்-ஐகள் ஒன்றுகூடி மாவ்ஸ் புரதத்தைத் தூண்ட, வைரஸை எதிர்க்கச் சொல்லும் செய்தியான இன்டர்ஃபெரானைச் செல் சுரக்கிறது.

நம் ஊர் டெங்கியை எடுத்துக்கொண்டால் அழிப்பது, விழிக்கவைப்பது என்ற இந்த இரண்டு வேலைகளும் ஒரே இடத்தில் தெரியும். அதன் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரான் செய்தியைக் கடத்தும் ஸ்டாட்2வை நம் செல்லின் யுபிகுவிட்டின் இயந்திரத்தைக் கொண்டே அழிக்கிறது. இன்னொரு பக்கம், புவர்ட்டோ ரிக்கோவில் பரவிய ஒரு டெங்கி வகையின் சிறு ஆர்என்ஏ துண்டு ட்ரிம்25ஐயே பிடித்து முடக்குகிறது. 2015இல் இதைக் காட்டியவர்கள் இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

சரி, விடை எழுதும்போது வெறுமனே 'யுபிகுவிட்டின்' என்று நிறுத்தாமல் லைசின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.