சிகரத்தை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை மலையேற்றத்துக்கு அழைத்துப் போகிறோம். உச்சிவரை 8 கிலோமீட்டர் நடை, 600 மீட்டர் ஏற்றம். போன வருடம் இதே பாதையில் பாதிப் பேர் பந்தயம் வைத்து ஓடினார்கள், மீதிப் பேர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்கள். 'இயற்கை ஆய்வு' நோட்டில் எல்லோரும் எழுதியது ஒரே வரி: 'காட்சி மிக அழகாக இருந்தது.' இந்தத் தடவையும் உச்சியில் குழுப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் தலைமை ஆசிரியர். ஆய்வையும் ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அந்த ஒரே வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் பொய் எழுதவில்லை. ஓடுகிறவர் கண்ணில் வேறென்ன படும்?

முதலில் கணக்குப் போடுவோம். ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் அது எங்கும் நிற்காமல் ஏறும், பழகிய பெரியவர்களின் கணக்கு. ஷூ லேஸ் அவிழும், தண்ணீர் தீரும், ஒருத்திக்குக் கால் வலிக்கும். இரண்டு மடங்கு வைத்தாலும் எனக்கு நம்பிக்கையில்லை. அப்புறம் இறங்கவும் வேண்டும். ஆய்வுக்கு நேரம் எங்கே? இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். நானாக இருந்தால் உச்சியை விடுவேன்.

தலைமை ஆசிரியரிடம் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். 1802-இல் ஆண்டீஸ் மலைத்தொடரின் சிம்போராசோவில் ஏறியவர், உச்சியைத் தொடாமலேயே திரும்பினார். ஆனால் எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று அந்த மலையை வைத்து அவர் வெளியிட்ட படம் இன்றும் பேசப்படுகிறது.

பாதையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். வெவ்வேறு உயரத்தில் மூன்று இடங்களில் நிற்கட்டும். மூன்றிலும் ஒரே வேலை. தரையில் ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு போட்டு, அதற்குள் எத்தனை வகைச் செடி, பூச்சி என்று எண்ண வேண்டும். பெயர் தெரியாவிட்டால் வரைந்தால் போதும். பெயர் சொல்லிக்கொடுக்கும் ஆசையை நீங்களும் அடக்கிக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தவுடன் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

வெப்பமானியை நிழலில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 300 மீட்டருக்கு இரண்டு டிகிரிதான். வெயிலோ மூடுபனியோ அதைக் குழப்பிவிடலாம். குழப்பினால் நல்லது, ஏன் என்று சண்டை போடட்டும். மேலே ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி, பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். கீழே காற்றழுத்தம் அதிகம் என்பதால் பாட்டில் ஒடுங்கியிருக்கும். பாடப்புத்தகத்தில் தூங்கியவனும் இதற்கு விழித்துக்கொள்வான்.

பாறையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும் லைக்கனை விட்டுவிடாதீர்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. சில வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத் திட்டுக்கு என்ன வயதிருக்கும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். அதன்பின் யாரும் அதைச் சுரண்ட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஓடுகிறவர்களை எப்படி நிறுத்துவது? மெதுவாக நடக்கும் பிள்ளையை வழிகாட்டிக்கு அடுத்ததாக விடுங்கள். கயிறு, வெப்பமானி, பாட்டில் எல்லாம் ஓட்டக்காரர்கள் கையில் இருக்கட்டும். கடைசி ஆளாக ஓர் ஆசிரியர் வர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புது ஷூ வேண்டாம், கொப்புளம் நிச்சயம். நனைந்த பருத்திச் சட்டை சீக்கிரம் காயாது, குளிர் ஏறிவிடும், மாற்றுடை இருக்கட்டும். இடி கேட்டால் மலைமுகட்டையும் தனி மரத்தையும் விட்டு விலகி இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். ஆளுக்கொரு விசில் கொடுங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். விளையாட்டுக்கு ஊதுவான் ஒருவன், முந்தின நாளே பள்ளியில் ஊதித் தீர்த்துவிடச் சொல்லுங்கள்.

குழுப் படமா? லைக்கன் பாறைக்கு முன்னால் நிறுத்தி எடுங்கள். பின்னால் மேகம் இறங்கியிருந்தால், அது எந்த உயரம் என்று தலைமை ஆசிரியருக்கே தெரியாது.