மைனஸ் மூன்றரை மணி நேரம்

அன்புள்ள அண்ணா,

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு, நெல் எவ்வளவு நேரம் ஊறியது என்று பதிகிற சின்ன புரோகிராம் ஒன்று செய்திருக்கிறோம். ஆலைக் கணினியில் வின்டோஸும் இருக்கிறது, லினக்ஸும் இருக்கிறது. புரோகிராம் ஓடுவது லினக்ஸில். போன கிழமை, காலையில் ஊறப்போட்ட தொட்டியை இரண்டு மணி நேரம் கழித்துத் திரையில் பார்த்தால் மைனஸ் மூன்றரை மணி நேரம் என்று நிற்கிறது. கையேடு எழுதுவது என் பொறுப்பு. ‘நேரம் கணினியின் மணிக்கூட்டிலிருந்து எடுக்கப்படுகிறது’ என்று எழுதினேன். சீனியர் அதை வெட்டிவிட்டார். வேறு என்னதான் எழுதுவது? நேரத்தைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால் போதாதா?

ஒரு வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

சீனியர் வெட்டியது சரிதான். நீங்கள் சொல்லும் ‘கணினியின் மணிக்கூடு’ எது? மதர்போர்டில் பற்றரியோடு இருக்கும் ஆர்.டி.சி. என்ற சின்ன மணிக்கூடா? செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் படிகம் அது. பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் செக்கனுக்கு ஒரு துடிப்பு. கரண்ட் போனாலும் ஓடும். ஆனால் உங்கள் புரோகிராம் அதை வாசிப்பதே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், கணினி பூட் ஆகும்போது அதைப் பார்த்துக்கொள்கிறது, தூங்கி எழும்போதும் பார்க்கலாம். அப்புறம் தன் கணக்கில்தான் போகிறது. இன்றைய இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் அந்தக் கணக்குக்கு அடிப்படை பெரும்பாலும் புரோசசருக்குள்ளே துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் டி.எஸ்.சி. கவுண்டர்.

உங்கள் மைனஸ் வந்த வழி இதுதான் என்று நினைக்கிறேன். வின்டோஸ் ஆர்.டி.சி.யில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதே எண்ணை யூ.டி.சி., அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்ளும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னுக்கு. முதல்நாள் யாரோ வின்டோஸைப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை 8 மணிக்கு லினக்ஸ் எழும்பியபோது ஆர்.டி.சி.யில் இருந்தது 8. லினக்ஸ் அதோடு ஐந்தரை மணியைக் கூட்டி பிற்பகல் 1:30 என்று காட்டியது. அந்த நேரத்தில் தொட்டி தொடங்கியதாகப் பதிவாகிவிட்டது. பிறகு இன்டர்நெட் கிடைத்ததும், அங்கிருந்து சரியான நேரத்தைக் கேட்டு வாங்கும் என்.டி.பி. நேரத்தைத் திருத்தியது. நீங்கள் 10 மணிக்குப் பார்த்தீர்கள். பத்திலிருந்து ஒன்றரையைக் கழித்தால் (பிற்பகல் ஒன்றரை, அதாவது 13:30) மைனஸ் மூன்றரை. புரோகிராம் கணக்கில் பிழை விடவில்லை. கேட்கக் கூடாத மணிக்கூட்டைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, கையேட்டில் ஃபங்ஷன் பெயரைவிட முக்கியம், அது தரும் எண்ணுக்கு என்னென்ன நடக்கலாம் என்பது. எப்போது குதிக்கும், எப்போது நிற்கும், எப்போது பூச்சியத்துக்குப் போகும். புரோகிராம் கேட்கக்கூடிய மணிக்கூடுகள் லினக்ஸில் பல. ‘கிளாக்_ரியல்டைம்’ 1970 ஜனவரி 1 முதல் போன செக்கன்களைச் சொல்லும். யாராவது நேரத்தை மாற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் பாயும். ‘கிளாக்_மொனோட்டோனிக்’ பின்னுக்குப் போகாது, ஆனால் லினக்ஸில் கணினி தூங்கும் நேரத்தை எண்ணாது. ‘கிளாக்_பூட்டைம்’ அதையும் எண்ணும். பின்னைய இரண்டுமே ரீபூட் செய்தால் புதிதாகத் தொடங்குபவை. நெல் ஊறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் அந்த இரண்டாலும் உங்களுக்குப் பயன் இல்லை. அதனால், ஊறிய நேரத்துக்கு பூட்டைம், ஆள் பார்க்கும் தேதிக்கு ரியல்டைம், இடையில் கணினி நின்றிருந்தால் ரியல்டைமை வைத்துக் கணக்கிட்டு ‘சரிபார்க்கவும்’ என்று ஒரு குறி. இதைக் கையேட்டில் ஒளிக்காமல் எழுதுங்கள். ஆலைக்காரருக்கு வேண்டியது அந்தக் குறி எப்போது வரும் என்பதுதான். நானோசெக்கன் துல்லியம் யாருக்கு வேண்டும்?

இன்னொன்று. உள்ளூர் நேரம் வேறு அடுக்கு. கர்னல் எண்ணுவது யூ.டி.சி.யை. அதை இலங்கை நேரமாக்குவது மேலே இருக்கும் நேரவலயத் தரவு, ‘ஏசியா/கொழும்பு’ என்ற பதிவு. இங்கே இருக்கிற நமக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஆகவே அந்தக் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இந்தப் பக்கம் ஒரு நேரம், மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு நேரம். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் அரை மணி பின்னுக்கு. நேரவலயத் தரவில் படுவான்கரைக்கென்று தனிப் பதிவு கிடையாது. 2001இல் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையில் ‘காலை 8 மணி’ என்று கொப்பியில் எழுதியதை இன்று ‘ஏசியா/கொழும்பு’ என்று கொடுத்து மாற்றினால் அரை மணி பிழைக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. 2006 ஏப்ரல் 15 இன்னும் வேடிக்கை. நள்ளிரவு 12:30க்கு மணிக்கூடு 12க்குத் திரும்பியது. அன்று 12:10 இரண்டு தரம் வந்தது. கர்னலின் எண் அந்த இரவில் ஒரு செக்கன்கூடப் பின்னுக்குப் போகவில்லை. கோப்பில் யூ.டி.சி.யைத்தான் சேமிக்கிறீர்கள், திரையில் மட்டும் மாற்றிக் காட்டுகிறீர்கள் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். இன்டர்நெட்டைக் கழற்றி, ஒரு தொட்டியைத் தொடங்கி, கணினி நேரத்தை ஐந்தரை மணி பின்னுக்குத் தள்ளுங்கள். கையேட்டில் எழுதியது திரையில் நடக்க வேண்டும். அப்புறம் ஆலையில் வின்டோஸ் உண்மையில் தேவையா என்று முதலாளியிடம் கேளுங்கள். தேவையென்றால், வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ என்ற மதிப்பை 1 ஆக்கிவிட்டால் அதுவும் ஆர்.டி.சி.யை யூ.டி.சி.யாக எடுத்துக்கொள்ளும்.