பட்டறை, கடை, முந்திரிக் கொட்டகை: சிஸ்டரிடம் கேட்டவை

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் முதலுதவி அறையில் 22 வருஷம் செவிலியராக இருந்தேன். அந்த வேலையை விட்ட பிறகு, கடலூரிலும் புதுச்சேரியிலும் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் சின்னத் தொழிற்கூடங்களுக்குப் போய் வருகிறேன். அங்கே வேலை செய்பவர்களும் நடத்துபவர்களும் ஆட்களின் உடல்நலம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

தட்டாஞ்சாவடி, லேத் பட்டறை உரிமையாளர்: சிஸ்டர், எங்களிடம் 14 பேர். பெரிய கம்பெனியில் ஜிம், டாக்டர் எல்லாம் வைக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜிம்மை மறந்துவிடுங்கள் ஐயா. ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் ஓர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்காருங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். யார் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார், யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார், யார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கிறார் என்று பாருங்கள்.

ஒரு பட்டறையில் தண்ணீர் கேன் முதலாளியின் ஏ.சி. அறைக்குள் இருந்தது. யாரும் குடிக்கக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஆனால் கையெல்லாம் கிரீஸ், செருப்பை வாசலில் விட வேண்டும், உள்ளே பார்ட்டி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பசங்கள் கூச்சப்பட்டுப் போகவே மாட்டார்கள். கேனைத் தூக்கி டிரில்லிங் மெஷின் பக்கம் வைத்தோம். காலணா செலவில்லை. மத்தியானம் தலைவலி மாத்திரை கேட்பது குறைந்துவிட்டது.

அப்புறம், ஆளுக்கு ஐந்து நிமிஷம் தனியாகக் கூப்பிட்டு, ‘இங்கே வேலை செய்யும்போது உடம்புக்கு எது கஷ்டமாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். கூட்டமாக நிற்க வைத்துக் கேட்டால் ‘ஒன்றுமில்லைங்க’ என்பார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தில் காதடைப்பான் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பொருந்தும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., உங்களுக்கும் பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். 15,000 வாங்குபவருக்கு நீங்கள் கட்டுவது 487 ரூபாய் 50 காசு. அதற்கு அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. படுத்துவிட்டால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வருகிறது. பதிவு செய்து, அட்டை கையில் வந்து, எங்கே போவது என்று தெரியாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை நீங்களே ஒருவரைக் கோரிமேடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

பண்ருட்டி, முந்திரிக் கொட்டகை மேற்பார்வையாளர்: எங்கள் பெண்களுக்குக் கை வெந்து தோல் உரிகிறது. கிளவுஸ் வாங்கிக் கொடுத்தோம், போட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது அக்கா?

அந்தக் கைகளை நானும் பிடித்துப் பார்த்திருக்கிறேன் அம்மா. விரல் நுனி கறுத்து, ரேகை தேய்ந்து, பெருவிரல் ஓரம் பிளந்திருக்கும். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். கொட்டையை ஆவியில் வேகவைத்து உடைக்கும்போது அந்த எண்ணெய் அப்படியே கையில் படும்.

அவர்கள் கிளவுஸ் போடாததற்கு அடம் காரணம் இல்லை. கூலி கிலோ கணக்கில். கிளவுஸ் போட்டால் பருப்பு வழுக்கும், உடையும், சாயங்காலம் எடை குறையும். அதனால் பேச்சு கிளவுஸில் ஆரம்பிக்கக் கூடாது, கூலியில் ஆரம்பிக்க வேண்டும். ‘பழகும்வரை முதல் பத்து நாள், போன வாரச் சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுகிறோம்’ என்று முதலாளி சொல்லட்டும். பாதிப் பேராவது போட்டுப் பார்ப்பார்கள். துணிக் கிளவுஸ் வேண்டவே வேண்டாம். எண்ணெயில் ஊறி, தோலோடு ஒட்டிக்கொண்டு, வெறுங்கையை விட மோசமாக்கும். மெல்லிய நைட்ரைல் கிளவுஸ், கையளவுக்குச் சரியாக, கிழிந்தால் உடனே மாற்ற ஒரு பெட்டி பக்கத்திலேயே.

கிளவுஸ் போடாதவர்களுக்கு விளக்கெண்ணெய். உட்காரும் முன்னால் தடவி, நடுவில் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் போதும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அது தோலை இன்னும் வறட்டிவிடும். கை கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது, சாப்பாட்டைத் தொடக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அங்கே கழிவறை எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கொட்டகையில் 19 பெண்கள் காலையிலிருந்து மத்தியானச் சோறு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காரணம், கழிவறைக் கதவு சாத்தாது. மூவரில் ஒருத்தியாவது நீர்க்கடுப்பு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். ஒரு கொக்கியும் ஒரு வாளியும் வந்த பிறகுதான் தண்ணீர்ப் பானைக்கு வேலை வந்தது.

திருப்பாதிரிப்புலியூர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண்: தினமும் 11 மணி நேரம் நிற்கிறேன். இரவில் கால் வீங்கிவிடுகிறது. கஸ்டமர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது என்கிறார்கள்.

உட்காரலாம் கண்ணு, சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் கடையில் இருக்கை வைக்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்காமல் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் வலிக்கும் பெண்ணால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபதாவது புடவையை முகம் சுளிக்காமல் விரிக்க முடியாது.

நீ செய்ய வேண்டியது: நிற்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்கு, மணிக்கு இருபது தடவை. வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படு. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு என்றால் காத்திருக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் போ. ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, கணக்காளர்: போன வருஷம் இலவச முகாம் நடத்தினோம். எல்லோருக்கும் சுகர், பிரஷர் பார்த்தார்கள். அதோடு சரி. பிரயோஜனமே இல்லையா?

முகாம் பாதி வேலைதான் சார். மறுபாதி, அடுத்த மாதம் அந்த ஆளிடம் ‘போனாயா?’ என்று கேட்பது.

ஒரு தடவை பிரஷர் 140/90-க்கு மேல் இருந்தால் அதை வைத்து நோயாளி என்று சொல்லிவிட முடியாது. வேறு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டால் அதையும் ஆய்வகத்தில் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். இதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாள் கூலியைப் பிடித்தால் யாரும் போக மாட்டார்கள். எனவே முகாம் தேதியோடு, மறுபரிசோதனைக்குச் சம்பளத்தோடு அரை நாள் லீவையும் சேர்த்து அறிவியுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். ஓரிடத்தில் முகாம் முடிந்ததும் எல்லோருடைய சுகர் அளவையும் தாளில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான். ஆனால் அடுத்த வாரமே 300 காட்டிய ஒரு டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே எந்த முகாமுக்கும் யாரும் கையை நீட்டவில்லை. முடிவு அவரவர் கையில் மட்டும் போகட்டும். உங்களுக்கு ‘இத்தனை பேருக்கு மேல்சிகிச்சை தேவை’ என்ற எண்ணிக்கை போதும்.

கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள், 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்காக உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை வீடு தேடி வருகிறது.

சேதராப்பட்டு, வார்ப்படப் பட்டறை: கத்திரி வெயிலில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மோர் கொடுத்தால் போதுமா?

மோர் நல்லது, ஆனால் மோர் மட்டும் போதாது. உலைப் பக்கம் நிற்பவருக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல். புதிதாகச் சேர்ந்தவரையும் ஊருக்குப் போய்த் திரும்பியவரையும் முதல் வாரம் பாதி நேரம் மட்டும் உலைப் பக்கம் விடுங்கள். பெரும்பாலும் விழுவது அவர்கள்தான். கனமான வேலையை விடிகாலைக்கு மாற்றுங்கள்.

ஒருவர் குழப்பமாகப் பேசி, உடம்பு கொதித்தால் அது வெறும் மயக்கம் இல்லை. உடனே 108. வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வில்லியனூர், பேக்கிங் யூனிட்: டீயோடு தினமும் போண்டா. மாற்ற முடியுமா?

நிறுத்தினால் சண்டை வரும். வாரத்தில் மூன்று நாள் சுண்டல் போடுங்கள், சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். போதும்.

பாகூர், செங்கல் சூளை: சனிக்கிழமை கூலி, திங்கட்கிழமை பாதிப் பேர் வருவதில்லை. வருபவர்களிலும் சிலர் கை நடுங்கிக்கொண்டு வருகிறார்கள். கண்டித்து நிறுத்திவிடலாமா?

கண்டிக்கலாம், ஆனால் கை நடுங்குபவரை அறையில் பூட்டி ‘இன்றோடு விட்டுவிடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து ஆகலாம். அது ஆஸ்பத்திரியில், மருந்தோடு நிறுத்த வேண்டியது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. குடும்பத்தாரும் பேசலாம்.

கூலியைப் புதன்கிழமை கொடுத்துப் பாருங்கள். மறுநாள் வேலை இருக்கும்போது பணம் வீட்டுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நெல்லிக்குப்பம், அச்சகம் நடத்துபவரின் மனைவி: ஆட்களுக்கெல்லாம் பார்க்கச் சொல்கிறீர்கள். என் கணவருக்கு 52 வயது, பிரஷர் பார்த்ததே இல்லை. ‘எனக்கென்ன’ என்கிறார்.

அம்மா, சின்னத் தொழிலில் எல்லோரையும் விட அதிக நேரம் வேலை செய்வது முதலாளிதான். அவர் படுத்துவிட்டால் அச்சகமும் படுத்துவிடும், அங்கிருக்கும் ஆட்கள் வீட்டு அடுப்பும் அணையும். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். எத்தனையோ பேர் தனக்காக வராமல், ஆட்களுக்காக வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அச்சகத்துக்கு நான் வரும்போது முதல் நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். முதலாளி சட்டைக் கையை மடித்தால்தான் மெஷின்மேனும் மடிப்பார். அன்றைக்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி கொடுக்காதீர்கள். வந்ததும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரட்டும், அப்புறம் பார்க்கிறேன்.